நண்டின் மேல் போட்ட பழி

2003ஆம் ஆண்டு ஆடி மாதம். சோளகக் காற்று மூசி அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், இரண்டு பேர் ஒருவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து என் முன்னால் வாங்கில் கிடத்தினார்கள். வயது நாற்பத்தைந்து இருக்கும். கடற்றொழிலாளி, வீட்டில் ஏழெட்டு ஆடும் உண்டு. உடம்பெல்லாம் தட்டுத் தட்டாகத் தடித்திருந்தது. உதடு வீங்கிவிட்டது, மூச்சு விசிலடிக்கிறது, நாடி நூல் மாதிரி ஓடுகிறது. பிரஷர் பார்த்தேன். மேலே எழுபது, கீழே எதுவும் கேட்கவில்லை.

"என்ன சாப்பிட்டவர்?"

"நண்டுக் கறி ஐயா. காலமைதான் வைச்சனான்" என்றார் மனைவி.

தீவுப்பகுதியில் அதற்கு மேல் விசாரணை இல்லை. நண்டு கிரந்தி, இறால் கிரந்தி, கணவாய் கிரந்தி. அட்ரினலின் அரை மில்லிலீற்றர் தொடைத் தசையில் போட்டேன். நான் படித்த காலத்தில் அதைக் கையில் தோலுக்குக் கீழேதான் ஏற்றச் சொன்னார்கள். தொடையில் போட்டால் சுறுக்காகச் சேரும் என்று பிறகு வந்த பயிற்சி ஒன்றில் அறிந்தது அன்றைக்குக் கைகொடுத்தது. ஐந்து நிமிடம் பொறுத்து இன்னொன்று. பிறகு ஹைட்ரோகோட்டிசோன், பிரிற்றன் ஊசி, இரண்டு போத்தல் சேலைன். அரை மணித்தியாலத்தில் ஆள் கண் திறந்து தண்ணீர் கேட்டார். கடைசிப் படகு போய்விட்டிருந்தது. அன்றிரவு முழுக்க அவருக்குப் பக்கத்திலேயே கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தேன்.

நோயாளர் அட்டையில் நான் எழுதியது: உணவு ஒவ்வாமை, நண்டு. அதற்கு அடுத்த வரியில் வேறொன்றும் எழுதினேன்: வலது விலாவில் அடிபட்ட நோ, எலும்பு முறிவு இல்லை, பனடோல். வள்ளத்தைக் கரைக்கு இழுக்கும்போது அணியம் விலாவில் இடித்தது என்று ஆள் தெளிந்ததும் சொல்லியிருந்தார். இரண்டு வரியும் என் கையெழுத்துத்தான். இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு போட எனக்குத் தோன்றவில்லை. நாற்பது வருடமாக நண்டு தின்ற மனிதனுக்கு இன்றைக்கு மட்டும் ஏன் கிரந்தியானது என்றும் கேட்கவில்லை. இனி நண்டு தொடக்கூடாது என்று கடுமையாகச் சொல்லி அனுப்பினேன். தீவானுக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

ஆறு கிழமை கழித்து அவர் திரும்பி வந்தார், கையில் யாழ்ப்பாணத்தில் எடுத்த ஸ்கான் அறிக்கையோடு. வயிறு மந்தமாக நொந்துகொண்டே இருந்ததால் மகன் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். ஈரலின் வலது பக்கத்தில் ஒரு நீர்க்கட்டி, சுருங்கிப்போய், உட்தோல் கழன்று மிதக்கிறது. வயிற்றுக்குள் கொஞ்சம் தண்ணீர். சத்திரசிகிச்சை நிபுணர் எனக்கு ஒரு துண்டுக் கடிதம் வைத்திருந்தார். நோயின் பெயர் ஹைடற்றிட் என்று எழுதி, கீழே ஒரு வரி: "நண்டு நிரபராதி."

அந்தத் துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

எங்களை அரசாங்கக் கடிதங்களில் ஆர்.எம்.ஓ. என்பார்கள். சனம் பழைய பழக்கத்தில் அப்போதிக்கரி என்னும். முழு டொக்டர் தீவுக்கு வரத் தயங்கிய காலங்களில் நாங்கள்தான் பிரசவம், பாம்புக்கடி, பல்லுப் பிடுங்கல், பிரேதப் பரிசோதனைக்கு முதல் பார்வை எல்லாம். நான் தீவுகளில் மாறி மாறி வேலை பார்த்தது முப்பது வருடத்துக்குக் கிட்ட. நெடுந்தீவு என்றால் குறிகட்டுவானிலிருந்து குமுதினிப் படகில் ஒரு மணித்தியாலம். நயினாதீவு கால் மணித்தியாலச் சில்லறை. ஊர்காவற்றுறை, வேலணைப் பக்கமென்றால் பண்ணைத் தாம்போதியால் பஸ்ஸிலேயே போய்விடலாம். கடல் எந்த நேரம் விடும், எந்த நேரம் விடாது என்பதும் எங்கள் வைத்தியத்தில் ஒரு பாடம். ஆனால் ஹைடற்றிட் போன்ற நாடாப்புழுக் கட்டிகளைப் பற்றி எனக்குப் பாடம் சொன்னவை புத்தகங்கள் இல்லை. நான் ஏமாந்த நோயாளர்கள்தான்.

அந்த நிபுணரை ஒருநாள் நேரில் சந்தித்தபோது, கட்டி எப்படி இருக்கும் என்று கேட்டேன். "நுங்கு குடிச்சிருக்கிறீங்கள்தானே?" என்றார். அதற்குப் பிறகு எந்தப் படமும் தேவைப்படவில்லை. நுங்கின் கண் போலவே வெள்ளையாய், வழுவழுப்பாய் ஒரு சுவர். உள்ளே பளிங்குத் தண்ணீர். அந்தச் சுவரின் உட்புறத்தில் மெல்லிய ஓர் உயிர்த்தோல். அதிலிருந்து குருமணல் போல் புழுத் தலைகள் உதிர்ந்து அடியில் கிடக்கும். சிலவற்றில் பெரிய கட்டிக்குள் குஞ்சுக் கட்டிகள், முந்திரிகைக் குலை மாதிரி. வருடக்கணக்கில் இது சத்தமில்லாமல் வளரும். பத்து வருடம் ஈரலில் சுமந்துகொண்டு வலை இழுக்கிறவர் உண்டு. தோலுக்குள்ளால் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும் தண்ணீரை உடம்பு அந்நியன் என்று குறித்து வைத்துக்கொண்டே வரும். ஒருநாள் அடிபட்டோ தானாகவோ கட்டி உடைந்தால், அத்தனை வருடக் கோபமும் ஒரே நிமிடத்தில் எழும்பும். தடிப்பு, வீக்கம், மூச்சுத் திணறல், பிரஷர் இறக்கம். பார்க்கிற அப்போதிக்கரி நண்டைப் பிடிப்பான்.

உடைந்ததோடு கதை முடிவதில்லை. வயிற்றுக்குள் சிந்திய அந்தக் குருமணலின் ஒவ்வொரு மணியும் புதுக் கட்டியாக முளைக்கக் கூடியது. என் நண்டுக்காரருக்கு ஒப்பரேஷன் செய்து, அல்பெண்டசோல் குளிசையை மாதக்கணக்கில், இருபத்தெட்டு நாள் குடித்து இரண்டு கிழமை விட்டு, மறுபடி குடித்து என்று கொடுத்தார்கள். பிறகும் வருடா வருடம் ஸ்கான். ஒப்பரேஷனில் கட்டியைத் திறக்க முன் சுற்றிலும் துணி அடைந்து, அந்தத் துணியைப் புழுத் தலைகளைக் கொல்லும் மருந்தில் நனைத்து வைப்பார்களாம். அந்த மருந்து என்ன தெரியுமா? நூற்றுக்கு இருபது பங்கு உப்புத் தண்ணீர். கடலை விட ஐந்தாறு மடங்கு உப்பு. இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "கடலுக்குள்ளேயே கிடந்தவனுக்கு உப்புப் பத்தேல்லை எண்டோ ஐயா?"

இந்தக் கட்டி எங்கிருந்து வருகிறது என்று சொல்ல நாயிடம் போகவேண்டும். நாயின் குடலில் இருக்கும் புழு மிகச் சின்னது. நாடாப்புழு என்றதும் முழக்கணக்கில் நினைக்கிறோம். இது அரை சென்ரிமீற்றர் வருமோ என்னவோ, மூன்று நான்கு துண்டுதான். அதன் முட்டை நாயின் மலத்தோடு வெளியே வரும். புல்லில் விழுந்தால் ஆடும் மாடும் மேய்ந்து எடுக்கும். நாயின் மயிரிலிருந்து எங்கள் கைக்கும், கழுவாத கீரையிலிருந்து வாய்க்கும் வரும். ஆட்டின் ஈரலில் கட்டி வளரும். அந்த ஈரலை நாய் தின்றால்தான் மறுபடி புழு. இதில் மனிதன் ஒரு முட்டுச் சந்து. எங்களைப் புதைக்கிறோம் அல்லது எரிக்கிறோம், நாய்க்குப் போடுவதில்லை. இலங்கையில் இந்தப் புழு இல்லை என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும்: ஒட்டுண்ணியியல் அறிஞர் ஏ. எஸ். திசாநாயக்க 1950களிலேயே உள்ளூர் மாடுகளிலும் நாய்களிலும் இதைக் கண்டு எழுதியவர். இங்கே மனிதரில் குறைவு என்பது சரி. மத்திய கிழக்கில் வேலை செய்துவிட்டு வந்த பெண்களின் ஈரலில் கட்டி கண்டால் முதல் சந்தேகம் அங்கேதான் போகும், அதுவும் சரி. ஆனால் நண்டுக்காரர் கடவுச்சீட்டே எடுக்காதவர்.

அவர் வீட்டுக்கு ஒருநாள் போனேன். தீபாவளிக்கு முதல்நாள். வளவில் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்தாருக்குப் பங்கு என்றால் விளங்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: பத்துப் பன்னிரண்டு வீடு சேர்ந்து காசு போட்டு ஓர் ஆட்டை வாங்கி அடித்து, இறைச்சி, எலும்பு, ஈரல், கொழுப்பு எல்லாவற்றையும் ஒரு துண்டு கூடக் குறையாமல் சமமாகக் கூறு வைப்பது. பூவரசில் ஆடு தொங்குகிறது, கீழே ஓலைப் பாயில் கூறுகள். அந்த நீதி தவறாத கூறுகளில் சேராத பொருள் ஒன்று உண்டு: "தண்ணிப் பை" இருக்கிற ஈரல் துண்டும், பொத்தல் விழுந்த நுரையீரலும். அதை வெட்டினவர் நிமிர்ந்தும் பார்க்காமல் பின்னால் எறிந்தார். நாய் நிலத்தில் விழவிடவில்லை.

வெட்டினவரிடம் இரண்டு தண்ணிப் பைக்கும் வித்தியாசம் தெரியுமா என்று கேட்டேன். அவர் என்னைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார். குடலைப் போர்த்த கொழுப்புச் சவ்வில் கழுத்து நீண்டு தொங்கும் பை ஒன்று. அது வேறொரு நாடாப்புழுவின் குஞ்சு, மனிதரை அது தேடி வருவதில்லை என்றே சொல்லலாம். ஈரலுக்குள்ளேயே புதைந்து, கத்தி பட்டால் பீச்சி அடிக்கிற கட்டிப் பைதான் எங்கள் எதிரி. இரண்டும் நாய்க்குத்தான் போகிறது என்றார். நாயைச் சும்மா பார்க்க வைத்துக்கொண்டு எப்படி என்று கேட்டார். அவரிடம் நியாயம் இருந்தது.

எங்கள் பேச்சைக் கேட்டு அன்று அந்த வீட்டில் எல்லோரும் இறைச்சியைத் தொடமாட்டோம் என்றார்கள். அது தேவையில்லை. சமைத்த ஈரல் தின்று இந்த நோய் வராது. ஆட்டின் கட்டி மனிதனுக்குத் தொற்றுவதில்லை. நாய் வழியாகச் சுற்றி வந்தால்தான் தொற்றும். நண்டின் மேல் போட்ட பழியை இனி ஆட்டின் மேல் போடவேண்டாம் என்றேன்.

போர்க்காலத்தைப் பற்றி எனக்கு ஓர் ஊகம் உண்டு, ஊகமென்றே சொல்கிறேன். 1990, 91இல் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவுச் சனம் உடுத்த துணியோடு வெளியேறியது. மாடும் ஆடும் நாயும் நின்றன. சனமில்லாத ஊரில் மாடு செத்தால் புதைக்க ஆள் இல்லை. நாய்க்கு அதைவிட வேறு சாப்பாடும் இல்லை. திரும்பி வந்தவர்கள் பற்றை வெட்டி, கிணறு இறைத்துக் குடியேறியபோது அந்த வளவுகளில் என்னென்ன காத்திருந்தது என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

இனி என் பாவமன்னிப்பு. நண்டுக்காரருக்கு முன்னமே, 1994ஆக இருக்கவேண்டும், இறைச்சிக் கடையில் வேலை செய்த ஒருவர் தொடையில் தேங்காய்ப் பாதி அளவு வீக்கத்தோடு வந்தார். நோவு இல்லை, காய்ச்சல் இல்லை. சீழ் பிடித்திருக்கும் என்று நானாகத் தீர்மானித்துப் பெரிய ஊசியைக் குத்தி இழுத்தேன். சீழுக்குப் பதில் கிணற்றுத் தண்ணீர் போல் தெளிவாக வந்தது. எனக்கே ஏதோ பிழைத்துவிட்டதென்று பட்டது. ஊசியை எடுத்துக் கட்டுப் போட்டு அனுப்பினேன். இந்தக் கட்டிகள் முக்கால்வாசி ஈரலில், மிச்சத்தில் பெரும்பங்கு நுரையீரலில் வரும். ஆனால் தசை, மண்ணீரல், சிறுநீரகம், கண்குழி என்று விதிவிலக்குகளும் உண்டு என்று பிறகு படித்தபோது கை குளிர்ந்தது. அது ஹைடற்றிட் தானா என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. தெரிந்த கையால், ஸ்கான் பார்த்தபடி, அட்ரினலினைப் பக்கத்தில் ஏற்றி வைத்துக்கொண்டு ஊசியால் தண்ணீர் எடுத்து, மருந்து விட்டு, மறுபடி எடுக்கும் சிகிச்சை இருக்கிறது. நான் செய்தது அதுவல்ல. அந்த மனிதர் வாங்கிலிருந்து எழும்பி நடந்து போனது என் கெட்டித்தனத்தால் அல்ல, அவருடைய நல்ல காலத்தால்.

பத்துப் பதினைந்து வருடம் கழித்து ஒரு தாய் பதினாறு வயது மகனோடு வந்தாள், கையில் ஒரு ஜாம் போத்தல். பையன் பந்தடித்துவிட்டு வந்து குனிந்து இருமியிருக்கிறான். வாய் நிறையத் தண்ணீர். "உப்புக் கரிச்சது. எங்கடை கிணத்துத் தண்ணி மாதிரி" என்றான். தீவில் பிறந்தவனுக்கு உப்பு ஒரு புதினமே அல்ல. தாய் கவலைப்பட்டது தண்ணீருக்காக இல்லை, அதோடு வந்த தோலுக்காக. போத்தலில் நுங்குத் தோல் போல ஒன்று மிதந்தது. இந்த முறை நான் ஏமாறவில்லை. நெஞ்சுக் கட்டி மூச்சுக்குழாய்க்குள் உடைந்தால் இப்படித்தான் வரும். எக்ஸ்றேயில் தண்ணீரின் மேல் கழன்ற தோல் மிதப்பதை நிபுணர்கள் ஆம்பல் என்பார்களாம். எனக்குப் போத்தலே போதும். கடற்படைப் படகுக்குச் சொல்லி அன்றே அனுப்பினேன், போத்தலையும் சேர்த்து.

போகும்போது தாய் கேட்டாள்: "பூச்சிதானே ஐயா, பூச்சிக் குளிசை ஒண்டு குடுத்தால் சரிவராதே?" நல்ல கேள்வி. அல்பெண்டசோல் அதே குடும்பத்துக் குளிசைதான். ஆனால் நெஞ்சில் பெரிய கட்டி இருக்கும்போது குளிசையை முன்னுக்குக் கொடுத்தால் புழு சாகும், சுவர் நைந்துபோகும், கட்டி உடையும். மருந்தே உடைக்கும் கட்டி அது. எப்போது வெட்டுவது, எப்போது குளிசை, எப்போது சும்மா பார்த்துக்கொண்டிருப்பது என்று தீர்மானிப்பது எங்கள் பரிசாரியத்துக்கு அப்பாற்பட்டது.

ஈரல் கட்டி பித்தக் குழாய்க்குள் திறந்து, செங்கமாரி என்று கீழ்காய்நெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் கண்டேன். முள்ளந்தண்டு எலும்புக்குள் சுவரே இல்லாமல் முந்திரிகைக் குலையாகப் பரவி, கால் விழுத்தி விடும் வகையும், இதயத் தசையில் இருந்து உடைந்து அந்த இடத்திலேயே ஆளைக் கொல்லும் வகையும் உண்டு என்று நிபுணர் சொன்னார். அவற்றை நான் பார்க்கவில்லை, பார்க்க ஆசையும் இல்லை.

வேறொரு புழுவின் கதையையும் சொல்லவேண்டும், அது நாயோடு சம்பந்தமில்லாதது. போர் முடிந்து இரண்டொரு வருடம். நயினை நாகபூஷணி அம்மன் திருவிழாவில் முதலுதவிக் கடமை. படகிலேயே வலித்துவிட்டது என்று பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். இந்தியாவில் அகதி முகாம் ஒன்றில் பிறந்து வளர்ந்து, அப்போதுதான் ஊர் திரும்பிய குடும்பம். நாகதோஷம் என்று பேத்தியாருக்குச் சந்தேகமில்லை. அம்மனுக்கு நேர்த்தி வைத்துத்தான் கூட்டிவந்தார். வலிப்பை நிறுத்தி, பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். பிறகு சீ.ரீ. ஸ்கானில் மூளையில் ஒரு சின்ன வளையம், நடுவே புள்ளி. பன்றி நாடாப்புழுவின் குஞ்சு.

பேத்தியார் கொதித்துப் போனார். "கோயில் குடும்பம் ஐயா நாங்கள். முட்டை கூட வீட்டுக்குள்ளை எடுக்கிறேல்லை. பண்டியோ?"

இதை எல்லோரும் பிழையாகத்தான் விளங்கி வைத்திருக்கிறார்கள், என்னையும் சேர்த்து. வேகாத பன்றி இறைச்சி தின்றவருக்கு வருவது குடலில் புழு. அவருக்கு மூளையில் ஒன்றும் வரவேண்டியதில்லை. அவருடைய மலத்திலுள்ள முட்டை, கழுவாத கை வழியாகவோ தண்ணீர் வழியாகவோ இன்னொருவரின் வாய்க்குப் போனால், அவருக்குத்தான் மூளையில் கட்டி. சுத்த சைவமும் தப்பாது. நெருக்கமாக வாழ்ந்த இடத்தில் யாரோ ஒருவரின் கை. நான் சொன்னதைப் பேத்தியார் நம்பினாரோ தெரியாது, நேர்த்தியையும் முடித்துவிட்டுத்தான் போனார்.

அந்தப் பிள்ளையில்தான் இன்னொன்று படித்தேன். குளிசை தொடங்கமுன் நரம்பியல் நிபுணர் பிள்ளையைக் கண் டொக்டரிடம் அனுப்பினார். ஏனென்று விளங்காமல் கேட்டேன். கண்ணுக்குள்ளும் ஒரு கட்டி இருந்து, மருந்தில் அது செத்தால், சாகும் புழுவைச் சுற்றி எழும் அழற்சியே பார்வையைக் கொண்டுபோய்விடும். மூளையிலும் அப்படித்தான், உயிரோடிருக்கும் புழுவை விடச் சாகும் புழுதான் வீக்கம் கொடுக்கும். அதனால் ஸ்ரெரொயிட் முதலில். கண்ணில் ஒன்றும் இருக்கவில்லை. வலிப்புக் குளிசை சில காலம் குடித்தாள். இப்போது பிள்ளைக்காரி.

ஓய்வு பெற்ற பிறகு வாசித்த ஒரு விஷயம் என்னை விட்டுப் போகவில்லை. ஐஸ்லாந்தும் தீவுதான். அங்கே ஆடும் நாயும் மனிதனும் ஒரே கூரைக்குக் கீழ் குளிர் காய்ந்த காலத்தில் இந்த நீர்க்கட்டி வீடு வீடாக இருந்தது. 1863இல் டென்மார்க்கிலிருந்து ஹரால்ட் கிராபே என்பவர் போய் நாய்களை அறுத்துப் பார்த்தார். நாலில் ஒன்றுக்கு மேல் அந்தப் புழு. புது மருந்தொன்றும் அவரிடம் இல்லை. கட்டியுள்ள ஈரலை நாய்க்குப் போடாதே, புதை அல்லது எரி என்று சனத்துக்கு விளங்கும் பாஷையில் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். நாய்களுக்குச் சட்டமும் வந்தது. சனம் வாசித்தது, செய்தது. அடுத்த நூற்றாண்டில் அந்த நோய் அந்தத் தீவை விட்டே போய்விட்டது. வாசிக்கிற சனம் என்று எங்களுக்கும் ஒரு பெயர் உண்டல்லவா.

எங்கள் தீவுகளில் நாய்களுக்கு விசர் ஊசி போடுகிறார்கள், நல்லது. அதே நாளில் மிருக வைத்தியரிடம் புழுக் குளிசையும் கேட்டு வாங்குங்கள். பிரசிகுவன்ரல் என்று பெயர், இந்தப் புழுவுக்கு அது நன்றாகக் கேட்கும். நாயோடு விளையாடிய பிள்ளைக்குக் கை கழுவாமல் சோறு போடாதீர்கள். ஈரலில் நீர்க்கட்டி என்று எழுதிய ஸ்கான் துண்டு உங்களிடம் இருந்தால், அதைக் காட்டாமல் யாரையும் ஊசி குத்த விடாதீர்கள், அப்போதிக்கரியாக இருந்தாலும். பங்கு போடும் நாளில் ஆட்டைத் தொங்கவிட முன்னம் வளவு மூலையில் ஒரு குழி வெட்டி வையுங்கள். தண்ணிப் பை கண்ட ஈரலும் நுரையீரலும் அதற்குள் போகட்டும், மேலே கல்லு வையுங்கள். குழி மூன்றடி இருக்கட்டும். இரண்டடியை நாய் தோண்டும், நான் பார்த்திருக்கிறேன்.